கீழாநெல்லி முதல் குடல் பாக்டீரியா வரை: ஹெபடைடிஸ் பி-யை எது விரட்டும்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி களைகட்டிவிடும். அருவியில் குளித்துவிட்டு எண்ணெய், தேன், மூலிகை என்று ஏதாவது வாங்காமல் ஊர் திரும்புபவர்கள் குறைவு. “காமாலையா? கீழாநெல்லியை அரைச்சு மோருல கலந்து குடிங்க, சரியாயிடும்” என்ற யோசனையும் இந்தப் பக்கம் இலவசமாகக் கிடைக்கும். இதே சீசனுக்கு நடுவில்தான் ஜூலை 28, உலக ஹெபடைடிஸ் தினம் வருகிறது.

இப்போது ரீல்ஸில் புதிதாக ஒரு யோசனை ஓடுகிறது: “குடலைச் சரி பண்ணுங்க, கல்லீரல் தானா சரியாகிடும்.” இதில் எவ்வளவு உண்மை?

காமாலை போனால் வைரஸும் போய்விடுமா?

மஞ்சள் காமாலை என்பது நோயல்ல, அறிகுறி. அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

ஹெபடைடிஸ் பி, சி கதை வேறு. ரத்தம், பாலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும். கண் மஞ்சளாகாமலேயே பல வருஷம் உள்ளே இருந்து, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை கொண்டுபோகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 2.98 கோடி பேருக்கு ஹெபடைடிஸ் பி, 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி. பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

குடலுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

ரொம்ப நெருங்கிய சம்பந்தம். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாகத்தான் வருகிறது. சாப்பாட்டின் சத்து மட்டுமல்ல, குடல் பாக்டீரியா உண்டாக்கும் பொருட்களும் அதே பாதையில் வரும். கல்லீரல் ஒரு செக்போஸ்ட் மாதிரி அவற்றை வடிகட்டும்.

கல்லீரல் கெட்டுவிட்டால் இந்த ஏற்பாடு குலைகிறது. குடல் சுவரில் கசிவு கூடும், பாக்டீரியாவின் நச்சுப்பொருட்கள் கல்லீரலில் வீக்கத்தை அதிகமாக்கும். குடலில் உருவாகும் அம்மோனியா மூளைக்குப் போய்க் குழப்பத்தை உண்டாக்கும். இதனால்தான் முற்றிய கல்லீரல் நோயாளிக்கு டாக்டர்கள் லாக்டுலோஸ் சிரப் கொடுக்கிறார்கள். மலச்சிக்கலுக்கான அதே மருந்து, இங்கே மூளையைக் காப்பாற்றுகிறது.

பாக்டீரியா வைரஸை விரட்டுமா?

பிறந்த குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தொற்றினால், சுமார் 90% பேருக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். பெரியவர்களில் இது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஏன் இந்த வித்தியாசம்?

தைவான் ஆய்வாளர்கள் 2015-ல் எலிகளிடம் ஒரு விடையைக் கண்டார்கள். குடல் பாக்டீரியா முழுதாக வளர்ந்திருந்த பெரிய எலிகள் வைரஸை வெளியேற்றின. ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தப் பாக்டீரியாவை அழித்தபோது, அந்தத் திறனும் போய்விட்டது.

அடுத்து மனிதர்கள். 2017-ல் சீனாவில், ஏற்கெனவே மாத்திரை எடுத்துவந்த 18 பேரில் 5 பேருக்கு, ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். வைரஸ் தீவிரமாகப் பெருகுவதைக் காட்டும் இ-ஆன்டிஜென் அவர்களிடம் படிப்படியாகக் குறைந்தது. நம்பிக்கை தரும் விஷயம்தான். ஆனால், வெறும் 5 பேர்.

இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்

1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் அதில் பங்கேற்றவர். (அவருடைய பிறந்தநாள்தான் ஜூலை 28.) 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டும்.

உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து, நியூசிலாந்து என்று மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லா ஆய்வுகளையும் அலசிய 2011 காக்ரேன் அறிக்கையும், போதுமான ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

முதல் ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. சிறிய ஆய்வில் தெரியும் நம்பிக்கை, பெரிய ஆய்வில் நிலைக்க வேண்டும். அன்று கீழாநெல்லி நின்ற இடத்தில்தான் இன்று குடல் பாக்டீரியா நிற்கிறது.

அப்போ என்ன செய்யணும்?

* வாழ்நாளில் ஒருமுறையாவது ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.
* ஹெபடைடிஸ் சி-யைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் முழுசாகக் குணப்படுத்தலாம். பி-யைக் கட்டுப்பாட்டில் வைக்கலாம்.
* வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால், மற்றவர்களும் பரிசோதித்து, தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி.
* தயிரும் மோரும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் புரோபயாடிக்கையோ மூலிகையையோ நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வைரஸ் மறுபடி சீறி, கல்லீரல் செயலிழக்கவும் கூடும்.

சீசனுக்குக் குற்றாலம் போங்க, ஆசை தீரக் குளிங்க. ஊர் திரும்பியதும் ஒரு ரத்தப் பரிசோதனை. கல்லீரலுக்கு வைரஸ் வந்திருக்கா இல்லையா என்பதை அருவியும் சொல்லாது, கண்ணாடியும் சொல்லாது.