வெளியீட்டுக்கு முன்பே விதை தயாராகட்டும்

"புது நிலக்கடலை ரகம் நல்லாத்தான் இருக்கு. விதை எங்க சார் கிடைக்கும்?" வயல் விழா முடிந்ததும் ஒரு விவசாயி கேட்டார். அந்த ரகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசியவன் நான்தான். "இரண்டு வருஷம் பொறுங்க" என்றேன்.

வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை என்று பெருக்கிய பிறகே புது ரகம் விவசாயியின் கைக்கு வரும். நெல்லுக்கு இது பெரிய தடையல்ல. 80 மடங்கு பெருகும் என்று வைத்தாலே, 100 கிலோ வல்லுநர் விதை இரண்டு போகத்தில் 25 ஆயிரம் ஏக்கருக்கு மேல் போதும். நிலக்கடலை சுமார் 8 மடங்குதான் பெருகும். ஏக்கருக்கு 80 கிலோ காயாவது வேண்டும். அதே 100 கிலோ, இரண்டு போகம் கழித்தும் 80 ஏக்கரைத் தாண்டாது. ஓர் ஊருக்கே பற்றாது.

இது தெரிந்தும், ரகம் வெளியான பிறகே பெரும்பாலும் விதைப் பெருக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். ரகத்தை உருவாக்குபவர்களும் விதை பெருக்குபவர்களும் முதலில் சந்திப்பதே சில சமயம் விழா மேடையில்தான்.

சோதனைத் திடல்களின் கடைசி ஆண்டிலேயே, முன்னணியில் உள்ள ரகத்தை மார்கழிப் பட்டத்தில் இறவையில் பெருக்கலாமே. ரகம் தேறாவிட்டால்? விதைநேர்த்தி செய்யாத காய்தானே, செக்குக்குப் போகட்டும். அந்த நஷ்டம் சிறிது.

எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை என்று சொல்ல முடியாத ரகத்தை மேடையேற்றக் கூடாது என்பேன். அன்று கேட்ட விவசாயி, சித்திரைப் பட்டத்துக்கு மண்டியில் பழைய கடலையையே வாங்கி விதைத்தார்.