மருந்து எத்தனை நாளில் கேட்கும்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பெருங்குடலின் உட்பக்கம் புண்ணாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது குரோன்ஸ் நோய். அடிக்கடி வயிற்றுப்போக்கு, இரத்தம், எடை குறைவு. வெளியே சொல்லவும் கூச்சம். அவர்களைப் பார்த்ததும் நாம் கேட்பது, "இத்தனை நாளா மருந்து சாப்பிடுறியே, இன்னுமா கேக்கல?" என்றுதான். இந்தக் கேள்வியை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஏனென்றால் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. ஸ்டீராய்டு சில நாட்களில், அதிகம் போனால் ஓரிரு வாரத்தில் வேலையைக் காட்டும். மெசலமைனுக்கு இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு எட்டு வாரம்கூட ஆகும். அசாதியோபிரினுக்கு இரண்டு, மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி பலருக்கு இரண்டு வாரத்திலேயே பலன் தரும். வெடோலிசுமாப் ஊசி நிதானமானது. முழுப் பலன் தெரிய மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

என் பழைய மாணவர் ஒருவர் அசாதியோபிரின் தொடங்கிய ஐந்தாவது வாரத்தில், வீட்டார் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட்டார். "இது வேஸ்ட் மருந்து" என்றார்களாம். இரண்டு மாதத்தில் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தார். மருந்து தோற்கவில்லை. அதற்குரிய நேரத்தை யாரும் கொடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஸ்டீராய்டு சீக்கிரம் கேட்கிறதே என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பது. 1955-இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் பிரிட்டனில் கார்ட்டிசோனைச் சோதித்து வெளியிட்ட காலம் முதல், இந்த நோயைச் சட்டென்று அடக்கும் மருந்து அது. ஆனால் அடக்கியதை அடங்கியே வைத்திருக்க அதனால் முடியாது. நாள்பட்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து; மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சீக்கிரம் கேட்கும் மருந்துதான் நல்ல மருந்து என்ற எண்ணமே தவறு. அது பெரும்பாலும், மெதுவான மருந்து வேலை தொடங்கும்வரை தாங்கிப் பிடிக்கும் முட்டுக்கட்டைதான்.

இன்னொன்று. வயிறு அடங்கியதும் புண் ஆறிவிட்டது என்று பொருளல்ல. புண் ஆற இன்னும் சில மாதங்கள் ஆகும். அதனால்தான் நன்றாக இருக்கும்போதும் மலத்தில் கால்புரோடெக்டின் பரிசோதனை, தேவைப்பட்டால் கொலனோஸ்கோபி என்று மருத்துவர் சொல்கிறார். காசு பிடுங்குவதற்கு என்று நினைக்காதீர்கள்.

"அப்படியானால் எதுவும் கேட்காமல் காத்திருக்க வேண்டுமா சார்?" என்பீர்கள். இல்லை. அதிக இரத்தப்போக்கு, காய்ச்சல், படபடப்பு, கடும் வயிற்றுவலி இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே வாரக்கணக்கு பார்க்கமாட்டார்கள். நரம்பு வழியாக ஸ்டீராய்டு கொடுத்து, மூன்றாம் நாளே பலன் உண்டா என்று கணித்து, இல்லையென்றால் அடுத்த வழிக்குப் போவார்கள்.

மருத்துவர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில், "இத்தனை வாரத்தில் பலன் தெரியும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பாதிப் பேர் மருந்தை நடுவில் விடமாட்டார்கள். எழுதித் தராவிட்டால், நோயாளிகளே, நீங்கள் கேளுங்கள்: "எப்போது பலன் தெரியும்? தெரியாவிட்டால் எந்தத் தேதியில் திரும்ப வரட்டும்?"

உறவுகளே, இனி அவர்களைப் பார்த்தால் "இன்னுமா?" என்று கேட்காதீர்கள். "அடுத்த செக்கப் எப்போ? துணைக்கு நான் வரட்டுமா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்