கிராமத்துப் பப்பின் அடுக்களை நமக்குச் சொல்லும் பாடம்

இங்கிலாந்துக்குப் படிக்கவும் பணியாற்றவும் சென்றிருக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உடன் பணிபுரிவோர் ஞாயிறு மதிய உணவுக்குக் கிராமத்துப் பப்புக்கு அழைக்கின்றனர். நாங்கள் குடிக்கப் போவதில்லை; உணவு மட்டும்தான். போகலாமா?" கூடாது என்று ஒரே சொல்லில் விடையளிப்பது எளிது. ஆனால் கேட்பவரை ஈர்ப்பது எது என்று அறியாமல் சொல்லப்படும் விடை, அவர் உள்ளத்தில் இறங்குவதில்லை.

பப் என்றவுடன் நம் பெருநகரங்களின் இருண்ட கூடங்களும் காதைப் பிளக்கும் இசையும் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலேயக் கிராமத்துப் பப் வேறு வகையானது. 'பொது வீடு' என்னும் பொருள் கொண்ட ஆங்கிலத் தொடரின் சுருக்கமே பப். கணப்பு எரியும் கூடம், பாட்டன் முதல் பேரப்பிள்ளை வரை அமரும் மேசை, பெரும்பாலும் அங்கேயே குடியிருந்து அதை நடத்தும் ஒரு குடும்பம் என்பதே அதன் பழைய தோற்றம்.

ஆயினும் அங்கே நெடுங்காலம் பிழைப்பு பீரில்தான் இருந்தது, உணவு பெயரளவுக்கே. பின்னர் காலம் மாறியது. 1967-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரின் மூச்சைக் கருவியால் சோதிக்கத் தொடங்கினர். அங்காடிகளில் மலிவாகக் கிடைத்த பீரைப் பலர் வீட்டுக்கே வாங்கிச் சென்றனர். பெரிய பீர் ஆலைகள் தம் பிடியில் வைத்திருந்த பப்களுக்கு 1989-இல் அரசு வரம்பு விதித்ததால் பல பப்கள் கைமாறின. 1991-இல் இலண்டனின் கிளார்க்கன்வெல் பகுதியில் டேவிட் ஐர், மைக் பெல்பென் ஆகிய இருவர் 'தி ஈகிள்' என்ற பப்பை எடுத்து, நல்ல சமையலை முன்னிறுத்தினர். அந்த வழக்கம் நாடெங்கும் பரவி, சிற்றூர்ப் பப்களின் அடுக்களைகளையும் மாற்றியது.

வடக்கு யார்க்‌ஷயரில் ஓல்ட்ஸ்டெட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே தலைமுறைகளாக உழவு செய்துவந்த பேங்க்ஸ் குடும்பம் 2006-இல் 'பிளாக் ஸ்வான்' என்ற பப்பை வாங்கியது. அக்குடும்பத்து மகன் டாமி பேங்க்ஸ் சமையலைத் தாமே கற்றுத் தேர்ந்து, 24 வயதிலேயே மிச்செலின் நட்சத்திரம் பெற்ற தலைமைச் சமையல்காரரானார். தம் நிலத்தில் விளைவதையும் சுற்றுப்புறக் காடுகரையில் கிடைப்பதையும் கொண்டு சமைப்பதும், விளைச்சல் காலத்தில் ஊறவைத்தும் உலர்த்தியும் சேமித்ததைக் குளிர்காலத்தில் பயன்படுத்துவதும் அவர்கள் முறை.

கென்ட் மாவட்டத்தின் சீசால்டர் கடற்கரையில் 'தி ஸ்போர்ட்ஸ்மேன்' என்ற பப் உள்ளது. 1999-இல் அதனை ஏற்று நடத்தத் தொடங்கிய ஸ்டீபன் ஹாரிஸும் சமையலைத் தாமே கற்றவர்தாம். கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுப்பதும் வெண்ணெய் கடைவதும் ரொட்டி சுடுவதும் அங்கேயே நடக்கின்றன. 2008-இல் அதற்கும் மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. உழைப்பையும், மண்ணில் விளைந்ததை வீணாக்காத பண்பையும், விருந்தினரை மதிக்கும் பாங்கையும் யாரிடம் கண்டாலும் பாராட்டுவதே நீதி. மது விற்கும் இடம் என்பதற்காக அந்த நற்பண்புகளை இல்லையென்று சொல்ல வேண்டிய தேவை நமக்கில்லை.

இங்கேதான் திருக்குர்ஆனின் 2:219-ஆம் வசனத்தை நாம் நினைவுகூர வேண்டும். மதுவிலும் சூதாட்டத்திலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை அவ்வசனம் மறுக்கவில்லை. அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்றே எடுத்துரைக்கிறது. பப்பை ஆதரிப்போர் கூறும் பயன்கள் எவை? ஊரார் கூடுகின்றனர், தனிமை நீங்குகிறது, நட்பு வளர்கிறது என்கின்றனர். இவை மதுவால் விளைந்தவை என்றே உலகம் நெடுநாள் நம்பியது. ஆனால் பீர் விற்பனை சரிந்தபோது பல பப்களைத் தாங்கி நிறுத்தியது அடுக்களையே. தொலைதூரத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு ஓல்ட்ஸ்டெட்டுக்குச் செல்பவர் பீரைத் தேடிச் செல்வதில்லை. அது எங்கும் கிடைக்கிறது. அவர் தேடிச் செல்வது ஒரு குடும்பத்தின் கைப்பக்குவத்தை. ஆகவே கூடி மகிழ மது வேண்டும் என்ற வாதத்தைப் பப்பின் அடுக்களையே தகர்த்துவிட்டது என்பேன்.

அப்படியானால் உணவுக்காக மட்டும் நாமும் செல்லலாமே என்பர் சிலர். மது பரிமாறப்படும் விரிப்பில் இறைநம்பிக்கையாளர் அமரலாகாது என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. நண்பர்கள் கோப்பைகளை நிறைத்துக்கொள்ளும் மேசையில் பழச்சாறுடன் அமர்ந்தாலும் நாம் அந்த விரிப்பில் அமர்ந்தவர்களே.

உணவும் பார்வைக்குத் தோன்றுவது போல் எளிதன்று. அறுப்பு முறை பற்றிய கேள்வி ஒருபுறமிருக்க, மீனுக்குப் பூசும் மாவைப் பீரில் கரைப்பர். உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுண்டு. சிப்பியைச் சைடர் என்னும் ஆப்பிள் மதுவில் வேகவைப்பர். டிரைஃபிள் இனிப்பில் ஷெர்ரி ஊற்றுவர். பிளாக் ஸ்வானின் புகழ்பெற்ற பீட்ரூட் உணவுகூட மாட்டுக் கொழுப்பில் மணிக்கணக்கில் பக்குவப்படுத்தப்படுவதே. காய்கறிதானே என்று நம்பிக் கை வைக்க இயலாது. கொதித்தால் மது ஆவியாகிவிடும் என்ற சமாதானமும் நிற்காது. மதுவை நஜீஸ் என்றே மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் கருதுகின்றனர். அது கலந்த உணவை அடுப்பு தூய்மையாக்குவதில்லை. தானாகவே புளித்து வினிகராக மாறியதன் நிலை வேறு. வினிகரை நல்ல தொடுகறி என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதாக முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது.

ஆதலால் அந்த மேசை நமக்குரியதன்று. அழைப்பை மறுக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: முகம் சுளிக்காதீர்கள், பொய்க்காரணம் கூறாதீர்கள். காரணத்தைப் பணிவாகச் சொல்லி, அடுத்த ஞாயிறே அவர்களை உங்கள் வீட்டு உணவுக்கு அழையுங்கள். உணவின் வழியே பழக விரும்பியவர்களுக்கு உணவின் வழியே அளிக்கும் விடை அது.

மது இல்லாமல் மக்கள் கூடும் இடத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்ததில் முஸ்லிம் உலகுக்கும் பங்குண்டு. யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அருந்திய காப்பி, உஸ்மானிய நகரங்களின் வழியே அங்கே சென்றது. 1652-இல் இலண்டனில் முதல் காப்பிக் கடையைத் திறந்த பாஸ்குவா ரோசே, ஸ்மிர்னா நகரிலிருந்து வந்தவர். வணிகமும் அரசியலும் அறிவியலும் அத்தகைய கடைகளில் தெளிந்த மதியுடன் பேசப்பட்டன.

இன்று நம் நிலை என்ன? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடுகளுக்குள் எத்தனை நுட்பமான சமையல் இருக்கிறது! தக்கடியும் வட்டலப்பமும், ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் பண்பும் நம் அன்னையர் காத்துவந்த செல்வங்கள். ஆனால் கடைத்தெருவில் பிரியாணியும் பரோட்டாவும் தாண்டி எதைக் காண்கிறோம்? குடும்பத்தோடு அமைதியாக அமர்ந்து உண்ண எத்தனை இடங்கள் உள்ளன? ஹலால் என்ற பலகை தொங்கினால் போதும், தூய்மையும் உபசரிப்பும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணும் வணிகர் பலர். அனுமதிக்கப்பட்டது மட்டுமன்றித் தூய்மையானதையும் உண்ணுமாறு திருக்குர்ஆன் 2:168-ஆம் வசனம் ஏவுவதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓல்ட்ஸ்டெட்டில் ஓர் உழவர் குடும்பத்தால் முடிந்தது நம் ஊர்க் குடும்பங்களாலும் முடியும். அப்படி ஓர் இடத்தை நாம் உருவாக்கினால், பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

வல்ல ரஹ்மான் நம் உணவையும் உழைப்பையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.