வெள்ளிப் பதக்கமும் நமது வீண்பெருமையும்

கடந்த பெருநாள் விடுமுறையில் கொஸ்லந்தவில் ஓர் இலக்கியச் சந்திப்பு நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஹாஜியார் ஒருவர் பழைய வெள்ளிப் பதக்கமொன்றைச் சபையில் சுற்றவிட்டார். அதில் அரபெழுத்துகள் இருந்தன. பேச்சாளர் உணர்ச்சிவசப்பட்டார். "வெள்ளைக்காரனின் பதக்கத்திலேயே நமது எழுத்து! நமது பெருமைக்கு வேறென்ன சான்று வேண்டும்?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த வெட்கந்தான் இதை எழுத வைக்கிறது.

அது சிறீரங்கப்பட்டணப் பதக்கம். 1799 மே 4ஆம் திகதி திப்பு சுல்தானின் கோட்டை வீழ்ந்தது, அவரும் கொல்லப்பட்டார். மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் படையும் கிழக்கிந்தியக் கும்பனியின் படையும் சேர்ந்து பெற்ற அந்த வெற்றிக்காகக் கும்பனி இதைச் செய்வித்தது. உருவம் வரைந்தவர் கியூக்லர். வார்த்தது பேர்மிங்காமில் மத்தியூ போல்டனின் சோஹோ நாணயச்சாலை.

விடுமுறை முடிந்ததும் பதக்கத்தின் படத்தை வகுப்பில் காட்டினேன். பிள்ளைகளுக்கு அரபெழுத்து பெரிதாகப் படவில்லை. "சேர், சிங்கம் புலிய அமுக்கிப் புடிச்சிருக்கு. அந்தப் புலி யாரு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பெரியவர்கள் நாங்கள் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

புலி திப்புவின் சின்னம். சிங்கம் பிரித்தானியா. மேலே பறக்கும் கொடியில் உள்ள எழுத்து 'அஸதுல்லாஹில் காலிப்'. வெற்றிகொள்ளும் அல்லாஹ்வின் சிங்கம் என்பது பொருள். 'அல்லாஹ்வின் சிங்கம்' ஹஸ்ரத் அலி (ரழி) அவர்களுக்கு வழங்கும் சிறப்புப் பெயர். அந்த வாசகத்தையே திப்பு புலிமுக வடிவில் எழுதித் தன் இலச்சினையாக வைத்திருந்தார். கொன்றவன் அதைப் பறித்துத் தன் சிங்கத்தின் கொடியில் எழுதிக்கொண்டான். மறுபக்கத்தில் கோட்டை தாக்கப்படும் காட்சி. அதன் கீழே பாரசீக எழுத்தில் ஹிஜ்ரி 1213 துல்கஃதா 28 என்ற திகதி. இதற்குத்தான் நாம் கைதட்டினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளபதிகளுக்குத் தங்கம். அடுத்த நிலையினருக்குப் பொன்முலாமிட்ட வெள்ளி. கப்டன் முதலானோருக்கு வெள்ளி. அதற்கும் கீழே வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம். அந்தத் தகரத்தை வாங்கிய சென்னைப் படைச் சிப்பாய்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், தமிழர்களும் இருந்தார்கள். ஹைதராபாத் நிஜாமின் படையும் முற்றுகையிட்டவர் பக்கமே நின்றது. கோட்டைக்குள்ளும் நாம், வெளியிலும் நாம். நமது கட்டுரையாளர்களோ உள்ளே இருந்தவர்களை மட்டுமே எழுதுகிறார்கள்.

இலங்கைக்கும் இப்படியொரு பதக்கம் உண்டு. 1795-96இல் ஒல்லாந்தரிடமிருந்து இந்நாட்டைப் பிடித்தபோது வந்த வங்காளப் பீரங்கிப் படையின் உள்நாட்டு வீரர்களுக்குக் கும்பனி கொடுத்த வெள்ளிப் பதக்கம் அது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பாரசீகமும் ஹிஜ்ரி ஆண்டும். கூலிக்கு வந்தவனுக்கு விளங்கும் எழுத்தில் எழுதினான் எசமான், அவ்வளவே. அது மரியாதை என்றால் தோட்டத்துத் துரை தமிழில் ஏசியதும் தமிழுக்குச் செய்த மரியாதைதான்.

நமது ஊவாவுக்கு வருவோம். கண்டி மன்னன் காலத்திலிருந்தே தவளம் மாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றிச் சென்ற முஸ்லிம்கள் வெல்லஸ்ஸயில் வாழ்ந்தார்கள். 1817இல் ஆங்கிலேயர் ஹாஜி என்பவரை அவர்களுக்கு முஹாந்திரமாக நியமித்தார்கள். சிங்களத் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்த அந்த நியமனம் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. ஹாஜி கிளர்ச்சிக்காரர்களின் கையில் அகப்பட்டுக் கொல்லப்பட்டார். 1818இல் துரோகிகளென அறிவிக்கப்பட்ட 19 தலைவர்கள் 2016 டிசம்பரில் தேசிய வீரர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அது நியாயமே. ஆனால் ஹாஜியைப் பற்றி நாம் என்ன எழுதினோம்?

"அதைக் கிளறாதீர்கள் சேர், பகை வளரும்" என்கிறார்கள். நாம் எழுதாவிட்டால் மற்றவர்கள் எழுதுவார்கள். அவர்களது எழுத்தில் ஹாஜி ஒரு மனிதராக இருக்கமாட்டார். ஒரு சமூகத்தின் குற்றமாகவே இருப்பார். தவளக்காரனின் பிழைப்பு, வெள்ளையன் பதவி கொடுத்த தந்திரம், ஏற்றவரின் ஆசை, கொன்றவர்களின் கோபம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதவேண்டிய கடமை நமக்குத்தான் இருக்கிறது.

திப்புவை நினைப்பதில் தவறில்லை, நானும் நினைக்கிறேன். ஆனால் மைசூரின் வீரத்தைக் கடன் வாங்கிக்கொண்டு வெல்லஸ்ஸயின் சங்கடத்தை மறைப்பது வரலாறு ஆகாது. அடுத்த சந்திப்பில் அந்தப் பதக்கம் மீண்டும் சுற்றிவந்தால் நான் கைதட்டமாட்டேன். அந்தச் சிறுமியின் கேள்வியைச் சபையில் கேட்பேன். பதில் சொல்ல நமது எழுத்தாளர்கள் ஆயத்தமாக வரட்டும்.