மௌனம் சம்மதமாகுமா?

சென்ற திங்கள் நம் சங்கத்து வாசகர் வட்டம் கூடியபோது, கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி தான் எழுதிய கதையைப் படித்தாள். ஜெயகாந்தன் 1966-ஆம் ஆண்டு 'ஆனந்த விகட'னில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதைக்குத் தொடர்ச்சியாக அதனை அமைத்திருந்தாள். பிறர் படைத்த பாத்திரங்களைக் கொண்டு வாசகரே மேற்கொண்டு கதை வளர்ப்பது இந்நாளைய இளைஞரிடையே பெருவழக்காயிருக்கிறது.

மூலக்கதையை அன்பர்கள் அறிவர். மழை பெய்யும் மாலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஏழை மாணவியைச் செல்வந்தன் ஒருவன் தன் காரில் ஏற்றிக்கொள்கிறான். அவளுக்குத் தீங்கு நேர்கிறது. வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் நீர் வார்த்து, அவளிடம் மாசில்லை என்று தேற்றுகிறாள். நம் பெண்ணின் கதையிலோ அச்செல்வந்தன் மனம் வருந்தி மீண்டு வருகிறான்; தாயிடம் மன்னிப்புக் கேட்கிறான்; திருமணம் நடந்தேறுகிறது.

படித்து முடித்ததும் விவாதம் மூண்டது. "செய்த பிழைக்குப் பரிகாரம் செய்துவிட்டான், மேலும், காரில் ஏறியவள் அவள்தானே? வேண்டாமென்று ஓடவில்லையே!" என்றார் முதியவர் ஒருவர். "கதைக்குள்ளே கோர்ட்டு வழக்கு எதற்கு? தீயதை எழுதுவதனாலேயே அதனை ஆதரிப்பதாகுமா?" என்று கேட்டார் ஓர் இளைஞர். ஆசிரியையாயுள்ள அம்மையார் ஒருவர் அமைதியாகச் சொன்னார்: "காரில் அவளை யாரும் கேட்கவில்லை. கல்யாணத்திலும் யாரும் கேட்கவில்லையே, அம்மா! அவனும் தாயும் பேசி முடிக்கிறார்கள். அவள் தலைகுனிந்து நிற்கிறாள்."

கூட்டத்தில் ஒருகணம் பேச்சில்லை. எழுதியவளும் திகைத்து, "எழுதும்போது எனக்கே அது தோன்றவில்லை, மாமி" என்றாள்.

இளைஞர் கூறியதை நான் மறுக்கவில்லை. கொடுமையை எழுதாமல் கதை இல்லை. ஆயினும் கொடுமையென்று அறிந்து எழுதுவது வேறு. மங்கலமென்று மயங்கி எழுதுவது வேறு.

முதியவர் கூற்றுக்கு நாட்டின் சட்டமே விடை தந்திருக்கிறது. பெண்ணின் சம்மதம் என்பது அவள் தானே விரும்பி, ஐயத்துக்கிடமின்றித் தெரிவிக்கும் உடன்பாடு. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றைக் கொண்டே இசைந்தாள் எனக் கொள்ளலாகாது என்று 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் விளக்கிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்திலும் அவ்விளக்கம் உள்ளது. பதினெட்டு வயது நிரம்பாதவள் இசைந்தாலும் அது சட்டத்தின் முன் செல்லாது.

ஜெயகாந்தனும் தம் கதையை அவ்வளவில் விட்டுவிடவில்லை. தாய் அலறி ஊரறியச் செய்திருந்தால் மகளின் கதி என்னவாகும் என்பதை 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் எழுதினார். 1972-இல் அதற்குச் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. அதில் கங்காவைப் படிக்கவைத்து ஆளாக்கும் மாமாவே அவளைத் தகாத முறையில் நெருங்குகிறார். காரிலிருந்தவனுக்குச் செல்வம் வலிமை. இவருக்கோ செய்த உபகாரமே வலிமை. உண்ட சோற்றுக்கு நன்றி மறக்கலாகாது என்று வளர்ந்தவள் எப்படி வாய் திறப்பாள்?

இக்கேள்வி நமக்கு அயலானதன்று. படிப்புக்கும் வேலைக்குமாக ஊரிலிருந்து வரும் பெண்மக்களை உறவினர் வீடுகளில் தங்கவைக்கிறோம். புதிய ஊர், புரியாத மொழி. அந்த வீட்டை விட்டால் வேறு புகலில்லை. அத்தகையவள் பேசாதிருந்தால் அது சம்மதமன்று, அச்சமாயிருக்கலாம். தயங்காது வந்து சொல்லக்கூடியவர் ஒருவரேனும் அவளுக்கு அவ்வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். நம் சங்கத்து மாதர் அப்பொறுப்பை ஏற்பார்களாக.

அந்தப் பெண் தன் கதையை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறாள். இம்முறை கதாநாயகியைக் கேட்டுத்தான் முடிவெழுதுவாளாம்.