பேத்திக்குக் கிடைத்த காவல் பாட்டிக்கும் வேண்டும்

குடும்ப மருத்துவர்களும் குழந்தை நல மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: 65 வயதைக் கடந்த எல்லோருக்கும், வயது குறைந்தவர்களானாலும் சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம் தொடர்பான நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கும், நிமோனியாவை வரவைக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியைத் தமிழ்நாடு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகப் போட வேண்டும்.

குழந்தைகளுக்கு இந்தக் கதவு ஏற்கெனவே திறந்துவிட்டது. 2017ல் சில வட மாநிலங்களில் தொடங்கிய திட்டம் 2021ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் என மூன்று முறை கிராம சுகாதாரச் செவிலியர் ஊசி போடுகிறார். தாய் ஒரு காசு கொடுப்பதில்லை. அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அதே கிருமிக்கான ஊசி வேண்டுமென்றால் தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவாகும். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் முதியோருக்கான நிமோகாக்கல் ஊசிக்கு இடமே இல்லை.

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்னக் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும்தான் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. மடியில் தூங்கும் பேத்தியின் ஒரு தும்மல் போதும். குழந்தைகளுக்குப் போட்டால் பெரியவர்களும் தப்பிப்பார்களே என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவுக்கு அது உண்மை. 2000த்தில் குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கிய அமெரிக்காவில் முதியோரிடமும் நோய் குறைந்தது. ஆனால் இந்தக் கிருமியில் 100 வகைக்கு மேல் இருக்கின்றன. ஊசி தடுக்கும் வகைகள் ஒதுங்கினால் மற்றவை அந்த இடத்துக்கு வருகின்றன. பாட்டிக்கென்று தனிக் காவல் தேவைப்படுவது அதனால்தான்.

முதியோரிடம் இந்த நிமோனியா முகம் மறைத்து வரும். பலருக்குக் காய்ச்சல் இருக்காது, இருமலும் பெரிதாக இருக்காது. காலையில் இட்லியைத் தொடவில்லை, மகளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார், குளியலறைக்குப் போகும்போது தடுமாறி விழுந்தார். இவ்வளவுதான் வீட்டார் சொல்வார்கள். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் ஆக்ஸிஜன் அளவு ஆபத்தாகக் குறைந்து 86 என்று காட்டும். 'வயசாயிருச்சு, அப்படித்தான்' என்று இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்ததில் போன உயிர்களை எங்கள் உறுப்பினர்கள் கண்டிருக்கிறார்கள். நெஞ்சுச் சளி தெளிந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. நிமோனியா வந்துபோன வாரங்களில் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் வழக்கத்தைவிட அதிகம் வருகின்றன. இதை வீட்டுக்கு அனுப்பும்போதே குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.

குழந்தைகளிடம் அடையாளம் வேறு. சட்டையைத் தூக்கிவிட்டு, பிள்ளை அழாமல் இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50ஐத் தொட்டாலோ, 1 முதல் 5 வயது வரை 40ஐத் தொட்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள். சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் இறங்காத பிள்ளைக்கு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கோத்திருந்தால் பெரும்பாலும் குழாய் வைத்து வடிக்க வேண்டியிருக்கும். கிருமி மூளை உறையைத் தாக்கியும் பிழைத்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மருந்தைப் பொறுத்தவரை இந்தக் கிருமிக்கு வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சையில் பழைய அமாக்ஸிசிலின்தான் இன்றும் முதல் மருந்து. மருத்துவமனையில் சேர்ப்பவர்களுக்கு ஆக்ஸிஜனும் ஊசி வழி மருந்தும் தாமதமின்றித் தொடங்க வேண்டும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் மூன்று மாத்திரை அசித்ரோமைசின் அட்டையை எங்கள் அமைப்பு வன்மையாக எதிர்க்கிறது. அதற்குப் பழகிப்போன நிமோகாக்கஸ் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. அதை மட்டும் நம்பிக் காத்திருக்கும் நாட்களில் நோய் முற்றிவிடும்.

தடுப்பூசி பெரியவர்களுக்குப் பலன் தருமா என்ற கேள்விக்கு நெதர்லாந்தில் பதில் கிடைத்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 85,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015ல் வெளியானது. ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா சுமார் 45 சதவீதமும், அவை ரத்தம் முதலிய இடங்களுக்குப் பரவும் தீவிர நோய் 75 சதவீதமும் குறைந்தன. முழுக் காவல் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பாதிக்குப் பாதி காப்பாற்றும் ஒன்றைப் பணம் இருப்பவருக்கு மட்டும் என்று விட்டுவைப்பதை எங்களால் ஏற்க முடியாது.

செலவு பெரிது என்பது நியாயமான கவலை. ஆகவே படிப்படியாகத் தொடங்கலாம். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் யார் வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறார்கள் என்ற பட்டியல் அரசிடமே இருக்கிறது. அதில் 65ஐத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்கு முதல் ஆண்டு போடுங்கள். அவர்களோடு சேர்த்து, நீலகிரியின் பழங்குடி மக்களில் அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களையும், மண்ணீரலை அகற்றியவர்களையும் வயது பாராமல் எடுத்துக்கொள்ளுங்கள். அரிவாள் செல் நோயாலோ அறுவையாலோ மண்ணீரலின் வேலை நின்றுபோன உடலில் இந்தக் கிருமி ஒரே நாளில் உயிரைக் குடித்துவிடும். அவர்களை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளி வைக்க முடியாது.