சம்பளம் இல்லாதவரிடம் கணக்குக் கேட்பது

சம்பளம் வாங்குகிறவரிடம் கணக்குக் கேட்பது சுலபம். சும்மா உழைக்கிறவரிடம் கேட்கத்தான் நாக்கு எழாது. பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தும் சங்கம் ஒன்றில் நானும் உறுப்பினர். எங்கள் செயலாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; அண்ணாச்சிதான். ஏப்ரல் பிறந்துவிட்டால் அவர் வீட்டுத் திண்ணைதான் சங்க அலுவலகம். சமையல்காரருக்கு முன்பணம், வாடகைப் பாத்திரம், வனத்துறை அனுமதி, ஆற்றங்கரையில் நிறுத்த நீச்சல் தெரிந்த பையன்கள், எல்லாமே அவர் பொறுப்பு.

எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கிறது. சமையல்காரரின் போன் எண்ணுக்குப் பக்கத்தில் 'மதியத்துக்கு மேல் கூப்பிடவும்' என்று ஒரு குறிப்பு. எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளை தூக்கத்தில் எழுந்து நடக்கும் என்பதும் அதே பக்கங்களில், பென்சிலில். அந்த நோட்டு இல்லாமல் முகாம் நடக்காது. அதற்கு நகலும் கிடையாது.

அண்ணாச்சி நேர்மையானவர். இதை இரண்டாம் தடவையும் சொல்லத் தயார். ஆனால் அவருடைய நேர்மையை மட்டும் நம்பி ஒரு சங்கம் நடக்கிறதென்றால், அவருக்குப் பின் வருகிறவரும் நேர்மையானவராக அமைய வேண்டுமே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்வதைத் தவிர உறுப்பினர்களுக்கு வேறு வேலை இல்லை.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7. ஆனால் அதே ஆட்களை மறுபடி தேர்ந்தெடுக்கத் தடை இல்லை. அந்தச் சந்து வழியாகத்தான் தமிழ்நாட்டில் பாதிச் சங்கங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது என் கணிப்பு. எங்கள் பொதுக்குழுவைப் பார்த்தால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, பள்ளி வகுப்பறை, முழங்கால் இடிக்கும் சின்ன பெஞ்சுகள். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், மினிட் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்று ஏறிவிடும். பிறகு வடை.

இத்தனைக்கும் நிர்வாகம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இடம் முகாம். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது பையன்களை வைத்து நடத்திய முகாமிலேயே அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பெரிய பையனைத் தலைவனாக்கி, அணியின் நடத்தைக்கு அவனையே பொறுப்பாக்கினார். சாரணர் இயக்கம் முழுக்க அந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. எங்கள் முகாமிலும் அப்படித்தான். இரவு சாப்பாடு முடிந்ததும் அணித்தலைவர்கள் லாந்தரைச் சுற்றி உட்கார்வார்கள். யார் பாத்திரம் கழுவாமல் நழுவினது, எந்தக் கூடாரத்தில் குப்பை என்று விசாரணை நடக்கும். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், தன் அணிக்கு அப்பளம் குறைந்ததற்குக் கணக்குக் கேட்டுக் கால் மணி நேரம் விடாமல் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முகாமில் தலைவர் மாறுவார். பழைய தலைவர் முணுமுணுத்துக்கொண்டே விறகு பொறுக்கப் போவார். பிள்ளைகளுக்கு இது வருகிறது. நமக்குத்தான் வரவில்லை.

'வேற யாரு வாறா, சொல்லுங்க?' என்பது அண்ணாச்சியின் நிரந்தரக் கேள்வி. நியாயம்தான், யாரும் வருவதில்லை. ஆனால் எதை நம்பி வருவார்கள்? வேலை முழுக்க ஒருவர் நோட்டிலும் தலையிலும் இருக்கும்போது புதிதாக வருகிறவருக்கு மிஞ்சுவது நாற்காலி எடுத்துப் போடும் வேலை. முகாமில் வளர்ந்த பையனும் பெண்ணும் இரண்டு வருடம் நாற்காலி போட்டுவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். பிறகு நாம் இளைஞர்களுக்குப் பொறுப்பில்லை என்கிறோம்.

கேள்வி கேட்காத பழக்கத்தின் விலை அப்பளத்தோடு முடிவதில்லை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. பெயரில் போலி முகாம் நடந்ததும், மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையும் நினைவிருக்கும். முகாம் நடத்த வந்தவர் யார், எந்த அமைப்பு அனுப்பியது என்று ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விஷயம் தெரிந்த பிறகும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். போக்சோ சட்டத்தில் இதற்கு இடமே வைக்கவில்லை: குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே தண்டனைக்குரியது, நிறுவனத்தின் பொறுப்பாளருக்குக் கூடுதலாக. 'கமிட்டியில் பேசித் தீர்த்துக்கலாம்' என்பது செல்லாது. ஆனால் முப்பது வருடம் ஒன்றாக டீ குடித்த ஐந்து பேர்தான் கமிட்டி என்றால், புகாரோடு ஒரு பிள்ளை யாரிடம் போகும்? அந்த ஐவரில் ஒருவரைப் பற்றியே புகார் என்றால்? இதை நான் எழுப்பியபோது 'நம்ம முகாமில அப்படியெல்லாம் நடக்காது' என்றார்கள். அதற்கு மேல் பேச்சை வளர்க்க யாருக்கும் விருப்பமில்லை. இப்போதும் எங்கள் முகாமுக்கு வரும் தன்னார்வலர் எவரையும் பற்றி எழுத்தில் ஒரு விசாரிப்புக்கூட இல்லை. தெரிந்தவர் சொன்னால் போதும்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு பெண் எழுந்தாள். எங்கள் முகாமுக்கே பிள்ளையாக வந்தவள், இப்போது பி.காம். முடித்து ஒரு ஆடிட்டரிடம் இருக்கிறாள். சமையல் செலவுக்குப் பில் இல்லையே என்றாள். வகுப்பறையில் ஃபேன் சத்தம் மட்டும். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர், 'தாயி, அண்ணாச்சி கைக்காசு போட்டுல்லா நடத்துதாவ' என்றார். குரலில் கோபம் இல்லை, சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லும் தோரணைதான்.

அவள் உட்காரவில்லை. 'அப்போ அதையும் எழுதணும்லா தாத்தா. எவ்வளவு போட்டாவன்னு தெரிஞ்சாத்தானே சங்கம் அவியளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியும்?'

அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மனைவிக்குத் தெரியாமல் போட்ட பணமாக இருக்க வேண்டும், சட்டென்று மினிட் புத்தகத்தின் பக்கம் குனிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அந்தத் தொகையை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. நன்றி என்ற பெயரில் நாங்கள் அவரைக் கடன்காரராக்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் தேர்தல். அவள் பொருளாளர் பதவிக்கு நிற்கிறாள். முன்மொழிய ஆள் கிடைத்துவிட்டது, வழிமொழிவது நான். அண்ணாச்சி எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் போன வாரம் போன் செய்து, நோட்டை ஜெராக்ஸ் எடுக்கப் பக்கத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.